காய்ந்த காது

மூன்றாவது கூண்டில் இருந்த அந்த வெள்ளைச் சுண்டெலி இடப்பக்கமாகவே சுற்றிக்கொண்டிருந்தது. தலையை இடது தோளில் சாய்த்து வைத்துக்கொண்டு, நாலடி நடக்கும், வளையும், மறுபடி நாலடி. களைத்துப்போய் நிற்கும்போதும் தலை நிமிராது. ரொட்டித் துண்டை நேரே முன்னால் வைத்தாலும் அதனால் நேராக வந்து எடுக்க முடியவில்லை. சுற்றிச் சுற்றி, ஏதோ ஒரு சுற்றில் வாய் ரொட்டியில் பட்டால்தான் உண்டு. அதை அப்படிச் சுற்ற வைத்தது நான். அதன் இடது காதுக்குப் பின்னால் இருக்கும் மிளகளவு எலும்புக் குமிழில், மயிரிழை போன்ற கண்ணாடி ஊசியால் கிருமியைச் செலுத்தியது என் கை. எனக்கு இப்போது எழுபத்தைந்து வயது தாண்டிவிட்டது. பல ஊர் ஆஸ்பத்திரிகளில், பல வகை உயிர்களோடு வேலை பார்த்தேன். கண்ணை மூடினால் வருவது அந்த ஒன்றுதான்.

யுத்தம் முடிந்த மறு வருஷம் அது. எனக்கு இருபத்து மூன்று வயது. சாத்தான்குளத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கூட ஆசிரியரின் மகள். சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் திசுக்களை மெழுகில் பதித்துச் சீவிச் சாயமேற்றும் வேலையைக் கற்றிருந்தேன். எலும்போடு ஒட்டிய திசுவைக் கிழியாமல் சீவத் தெரிந்தவர்கள் அப்போது கொஞ்சப் பேர்தான். அதைக் கேள்விப்பட்டு, தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியை நடத்திவந்த டாக்டரம்மா எனக்குக் கடிதம் எழுதினார். ‘எலியின் காதெலும்பைச் சீவ முடியுமா?’ என்று ஒரே ஒரு கேள்வி. முடியும் என்று எழுதினேன். அடுத்த வாரம் ரயிலேறிவிட்டேன்.

டாக்டரம்மாவுக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். கல்யாணம் செய்துகொள்ளாதவர். நாசரேத்துப் பக்கத்துக் குடும்பம். அதிர்ந்து பேசமாட்டார், அதிகமும் பேசமாட்டார். அவரிடம் வந்த கூட்டத்தில் பாதி காது நோயாளிகள். அந்தக் கரையில் அது இயல்புதான். முத்துக் குளிப்பு நடந்து பல வருஷங்கள் ஆகியிருந்தாலும் சங்கு குளிப்பு வருஷந்தோறும் நடந்தது. ஆழத்தில் காது உடைந்து ரத்தம் ஒழுக வரும் ஆண்களையும், பிறந்ததிலிருந்தே காது வடியும் அவர்கள் பிள்ளைகளையும் காலையில் வராந்தா நெடுகப் பார்க்கலாம். அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. காய்ச்சலோ, வயிற்றுப்போக்கோ, காலில் முள்ளோ, எதற்காக வந்த பிள்ளையானாலும் அதன் இரண்டு காதுக்குப் பின்னாலும் இருக்கும் எலும்பு மேட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். பார்த்து அனுப்பிவிட்டு, பிள்ளை வாசலைத் தாண்டும் நேரத்தில் மறுபடி கூப்பிட்டு மறுபடி அழுத்துவார். தாய்மார்கள் அதைக் கைராசி என்று நினைத்துக்கொண்டார்கள். நான் அதை ஒரு மருத்துவரின் நுணுக்கம் என்று நினைத்தேன்.

எலிகளைக் கவனித்துக்கொள்ள ஓர் ஆயா இருந்தாள். கரையோரத்துக் கத்தோலிக்கப் பெண், முப்பத்தைந்து வயதுக்காரி. எல்லோரும் ஆயா என்றார்கள். நான் அக்கா என்றேன். கூண்டுகளைத் தேய்த்துக் கழுவுவது, தேங்காய் நாரைப் பஞ்சுபோல உதிர்த்துப் படுக்கை போடுவது, பாலில் நனைத்த ரொட்டி வைப்பது எல்லாம் அவள் வேலை. நோய் கண்ட எலிகளுக்கு நாரை இன்னும் மெதுவாக உதிர்ப்பாள். மருந்து சோதிக்கத்தான் எலிகள் என்று அவளாகவே முடிவு செய்திருந்தாள். யாரும் அதைத் திருத்தவில்லை.

ஒரு மத்தியானம், சங்குக் கிடங்கிலிருந்து அழுகல் வாடை வீசி இருவருக்கும் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தபோது, அவள் தன் மகளைப் பற்றிச் சொன்னாள். ஒரே மகள், ஏழு வயது. மூன்று மாதமாக இடது காது வடிந்துகொண்டிருந்தது. இதே ஆஸ்பத்திரியில், இதே டாக்டரம்மாவிடம்தான் வைத்தியம். காது காய்ந்துவிட்டது, இனி வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். ஒரு வாரத்தில் கோயில் திருவிழா. எல்லாப் பிள்ளைகளும் கடலில் இறங்கின. மகள் கெஞ்சினாள். காய்ந்த காதுதானே என்று இவளும் விட்டாள். மறுநாளே பிள்ளை கழுத்தைச் சாய்த்துக்கொண்டு நடந்தது, வாந்தி எடுத்தது, மூன்றாம் நாள் பேச்சில்லை. திரும்ப இங்கே தூக்கி வந்தபோது ஒன்றும் செய்ய முடியவில்லை. புருஷன் சங்கு குளிப்பவன். உடைந்த காதில் கடல் தண்ணீர் போனால் என்ன ஆகும் என்று அவனுக்கா தெரியாது? அடக்கம் முடிந்து வந்தவன், “நீதான் அவளக் கடல்ல எறக்குன” என்று ஒரு தடவை சொன்னான். இரண்டாவது தடவை சொல்லவில்லை. கீழவைப்பாரில் இருந்த தன் அக்கா வீட்டுக்குப் போனவன் திரும்பவே இல்லை. ஆறு வருஷம். அவள் இதை அழாமல் சொன்னாள். “அவரு சொன்னது நெசந்தான. நாந்தான எறக்குனேன்” என்று முடித்துவிட்டு எழுந்து கூண்டு கழுவப் போனாள்.

எங்கள் வேலை இதுதான். காது வடிவது நின்றுவிட்டால் நோய் போய்விட்டதாக அர்த்தமா, இல்லை உள்ளே வேறு ஏதாவது நடந்துகொண்டிருக்கிறதா? மனிதக் காதை நாளுக்கு நாள் வெட்டிப் பார்க்க முடியாது. எலியினுடையதைப் பார்க்கலாம். ஒவ்வோர் எலிக்கும் இடது காதில் நோயைக் கொடுத்து, வலது காதை ஒப்பிட்டுப் பார்க்க விட்டுவிடுவோம். சிலவற்றை இரண்டாம் நாள், சிலவற்றைப் பத்தாம் நாள், சிலவற்றை மாதக் கணக்கில் வைத்திருந்து ஈதரில் உறங்கவைத்துவிடுவோம். அந்தச் சிறு எலும்பை அமிலத்தில் ஊறப்போட்டு இளக்கி, மெழுகில் பதித்துச் சீவ வேண்டும். தூத்துக்குடி வெயிலில் மெழுகு நிற்காது. விடிந்ததும் விடியாததுமாக, மண்பானைத் தண்ணீரில் குளிரவைத்த மெழுகுக் கட்டிகளை எடுத்து, ஏழு மணிக்குள் சீவி முடித்துவிடுவேன். பிறகு கண்ணாடித் தகட்டில் ஒட்டிச் சாயம். பிறகு ஜன்னலோரத்து மைக்ராஸ்கோப்.

நோயில்லாத வலது காதுக்குள் பார்த்தால், செவிப்பறைக்குப் பின்னால் இருக்கும் காற்றறையின் உட்பக்கம் முழுக்க வெங்காயத்தின் உள்தோலைவிட மெல்லிய ஒரு சவ்வு. ஒரே வரிசைச் செல்கள், தட்டையாக, அமைதியாக. இரண்டாம் நாள் இடது காதில் அந்தச் சவ்வு ஊறிப் பருத்து, ரத்தக் குழாய்கள் புடைத்து, அறை முழுக்கச் சீழ்ச்செல்கள். பத்தாம் நாள் தட்டைச் செல்கள் உயரமாகி, சளி கக்கும் செல்களாக மாறியிருக்கும். சுவரிலிருந்து புதுத் திசு விரல் விரலாக உள்ளே நீளும். இதெல்லாம் டாக்டரம்மா எதிர்பார்த்ததுதான். ஒரு மாதம் கழிந்த காதுகளில்தான் நாங்கள் இருவருமே எதிர்பாராதது இருந்தது. சில எலிகளுக்கு நோய் முழுதும் ஆறியிருந்தது. ஆனால் வேறு சிலவற்றில், செவிப்பறை அழகாக மூடி, வெளியே ஒரு சொட்டு ஈரமில்லை. தொட்டுப் பார்த்தால் ஆறிய காது. அதற்குப் பின்னால், எலும்பை ஏதோ ஒன்று ஓரத்திலிருந்து அரித்துத் தின்றுகொண்டிருந்தது. மூளையை மூடியிருக்கும் மெல்லிய தகடு ஓரிடத்தில் இல்லவே இல்லை. டாக்டரம்மா அந்தக் கண்ணாடித் தகட்டை வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து போனவர், அன்று நோயாளிகளைப் பார்க்க வரவில்லை.

அடுத்த வாரம் பழைய நோயாளிப் பதிவேடுகளிலிருந்து காது நோயாளிகளைத் தனியாக எழுதித் தரச் சொன்னார். எலிகளில் கண்டதை மனிதர்களில் நடந்ததோடு வைத்துப் பார்க்க. நான் எழுதிக்கொண்டே போனேன். ஆறு வருஷத்துக்கு முந்திய ஏட்டில் அக்காவின் மகள் பெயர் வந்தது. டாக்டரம்மாவின் கையெழுத்து. வடிதல் நின்றது, செவிப்பறை மூடியது, இனி வரத் தேவையில்லை. அதே பெயர் பத்து நாள் கழித்து மறுபடி. காதுக்குப் பின்னால் உளிவைத்துத் திறந்ததாகவும், உள்ளே எலும்பு கரைந்து சீழ் மூளைப்பக்கம் போயிருந்ததாகவும் இரண்டு வரி. மூன்றாவது வரியில் ஒரு நேரம் மட்டும் குறித்திருந்தது.

ஏட்டைத் திறந்தபடியே கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தேன். அவர் பார்த்தார். மூடவில்லை. கடலில் குளித்த இரண்டு மூன்று நாளில் எலும்பு இப்படிக் கரையாதே என்று நான் கேட்டேன். கரையாது என்றார். அது அப்போதே அவருக்குத் தெரியுமா என்றேன். சந்தேகம் இருந்ததாகவும், உறுதியில்லாத ஒன்றைச் சொல்லி ஒரு தாயின் மனத்தைக் கலைப்பது சரியா என்று தள்ளிப்போட்டதாகவும் சொன்னார். இப்போது உறுதியாகிவிட்டதே அம்மா என்றேன். அவர் பேனாவை எடுத்து அடுத்த நோயாளியின் சீட்டை எழுதத் தொடங்கினார். நானும் அழுத்திக் கேட்கவில்லை. அன்றிலிருந்து அந்த ஆஸ்பத்திரியில் இரண்டு பேருக்குத் தெரிந்த ஒன்று, அதை அறிய வேண்டிய மூன்றாவது ஆளுக்குத் தெரியாமல் இருந்தது. காலையில் அக்கா எனக்குக் காப்பி கொண்டுவந்து வைப்பாள். நான் குனிந்த தலை நிமிராமல் மெழுகைச் சீவிக்கொண்டிருப்பேன். அப்படி மூன்று வாரம் போனது. டாக்டரம்மாவைக் குறை சொல்ல எனக்கு இருந்த உரிமை அந்த மூன்று வாரத்தில் என்னிடமிருந்து போய்விட்டது.

பிறகுதான் மூன்றாவது கூண்டு எலி சுற்றத் தொடங்கியது. முதல் நாள் அக்கா அதைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் நாள் கூண்டின் முன்னால் குந்தி உட்கார்ந்துவிட்டாள். எதற்காக அது இப்படிச் சுற்றுகிறது என்று கேட்டாள். நான் சாயப் புட்டியைக் கழுவிக்கொண்டே, காது நோய் உட்காதுக்குப் போனால் நிலை தடுமாறும், தலை சாயும் என்றேன். காது வடியவே இல்லையே என்றாள். வெளியே வடியாது, காய்ந்துதான் இருக்கும், உள்ளே இருக்கும் என்றேன். பாடம் ஒப்பிப்பதுபோல, என்ன சொல்கிறேன் என்று நினைக்காமலே சொல்லிவிட்டேன். புட்டி கையில் இருக்க, நான் சொன்னது எனக்கே கேட்டபோது திரும்பிப் பார்த்தேன்.

அவள் எலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். “எம்மவளும் இப்படித்தான் சாஞ்சு சாஞ்சு நடந்தா” என்றாள். பிறகு, குரலை உயர்த்தாமல் கேட்டாள்:

“இது எந்தக் கடல்ல குளிச்சுது?”

டாக்டரம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. உள்ளே வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு, அக்காவுக்கு நேர் எதிரே, அவள் முகத்துக்குச் சமமாகக் குனிந்து உட்கார்ந்தார்.

“கடல் இல்லம்மா. நீ அவளைக் கடல்ல விடுறதுக்கு முன்னாலயே உள்ள எலும்பு போயிருந்துச்சு. காது ஆறிப்போச்சுன்னு நான்தான் தப்பா சொல்லி அனுப்பினேன்.”

டாக்டரம்மா நிறுத்தவில்லை. அன்று காதைத் திறந்தபோதே தனக்குச் சந்தேகம் வந்தது என்றார். கையைக் கழுவிக்கொண்டிருந்தபோது வெளியே வராந்தாவில் அவள், நாந்தான் எறக்குனேன், நாந்தான் எறக்குனேன் என்று தலையிலடித்து அழுதது தனக்குக் கேட்டது என்றார். வெளியே வந்து, அவள் தோளைத் தொட்டு, கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார் என்று மட்டும் சொன்னதாகச் சொன்னார். அதைச் சொல்லும்போதுதான் அவர் குரல் உடைந்தது. வேறு இடத்தில் உடையவில்லை.

“ஆறு வருசம், டாக்டரம்மா” என்றாள் அக்கா. அவ்வளவுதான். எழுந்து, பாதி கழுவிய கூண்டை முழுக்கக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். பிறகு கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, அந்தக் கண்ணாடிக்குள்ள இருக்கதக் காட்டுங்க என்றாள். டாக்டரம்மா ஒரு மாதம் கழிந்த எலிக் காதின் கண்ணாடித் தகட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்து, அவளுக்காகச் சரிசெய்து கொடுத்தார். ஒரு கண்ணை மூடத் தெரியாமல் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு பார்த்தாள். எது எலும்பு, எது போன இடம் என்று கேட்டாள். டாக்டரம்மா தகட்டை மெதுவாக நகர்த்தி நகர்த்திக் காட்டினார். இவ்வளவுதானா என்பதுபோல அவள் தலை நிமிர்ந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் அவள் பொத்தியிருந்த கண்தான் நனைந்திருந்தது.

பிறகு அவள் கேட்டது ஒரு கடுதாசி. இப்போது சொன்னதைத் தமிழில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். கீழவைப்பாருக்குக் கொண்டுபோக. அதை வைத்து யாரும் எதுவும் செய்யலாம் என்று டாக்டரம்மாவுக்குத் தெரியும். தயங்காமல் உட்கார்ந்து எழுதினார். எழுதியதை வாசித்துக் காட்டினார். ‘என்னுடைய கவனக்குறைவால்’ என்ற இடம் வந்ததும் அக்கா கை காட்டி நிறுத்தினாள்.

“அவருக்கு அது வெளங்காது. தப்புன்னு எழுதுங்க.”

டாக்டரம்மா அந்தச் சொல்லை அடித்துவிட்டு, தப்பு என்று எழுதினார். அடித்தல் திருத்தலோடேயே மடித்து அவள் கையில் கொடுத்தார்.

அவள் போய் நாலு நாள் வரவில்லை. அந்த நாலு நாளும் நான்தான் கூண்டு கழுவினேன். சுற்றிய எலி இரண்டாம் நாள் செத்துக் கிடந்தது. அதன் காதையும் எடுத்து அமிலத்தில் போட்டேன். டாக்டரம்மா வழக்கம்போல நோயாளிகளைப் பார்த்தார், வழக்கம்போல வாசல் வரை போன பிள்ளைகளைத் திரும்பக் கூப்பிட்டார். ஒவ்வொரு முறை ஆஸ்பத்திரிக் கதவு திறக்கும் சத்தத்துக்கும் அவர் கை ஒரு கணம் நின்றது.

ஐந்தாம் நாள் அக்கா வந்தாள். டாக்டரம்மா ஒரு பிரசவத்துக்காக உள்ளே இருந்தார். கீழவைப்பாரில் நடந்ததை அக்கா சுருக்கமாகச் சொன்னாள். புருஷனுக்கு வாசிக்கத் தெரியாது. கோயில் உபதேசியாரை வைத்து வாசிக்கச் சொன்னாள். அவன் கடலைப் பார்த்தபடி கேட்டான். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னான். தப்பு என்ற இடத்தில் உபதேசியார் தயங்கியபோது, அந்த இடத்தை மட்டும் மூன்றாவது தடவையும் கேட்டான். எழுந்து கரைப்பக்கம் போனவன் சாயங்காலம்தான் வந்தான். வந்து, “சாப்பிட்டியா?” என்றான். ஆறு வருஷத்துக்குப் பிறகு அவன் அவளிடம் பேசிய பேச்சு அது. அவள் அங்கேயே இருக்கப் போகிறாள். சேலை துணிமணிகளை எடுத்துப் போகத்தான் வந்தாள்.

டாக்டரம்மா வரும்வரை இருக்கச் சொன்னேன். மாட்டேன் என்றாள். கோபமா என்று கேட்டேன். “கோவம்னு இல்ல. அவுக மொகத்தப் பாத்தா எனக்குப் பேச்சு வராது. நீ சொல்லிரு” என்றாள். மூட்டையைக் கட்டி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசல் வரை போனவள், திரும்பி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“ஏளா, ஒன்ட்ட ஒண்ணு கேக்கேன். நீதான இதுகளத் தெனமும் பாக்க. காஞ்சிட்டுன்னு சொன்ன பொறவு அந்தப் பத்து நாளும் அவளுக்கு வலிச்சிருக்குமா? வலிக்கின்னு அவ சொல்லவே இல்ல.”

நான் அந்த எலிகளைத் தினமும் பார்த்தவள்தான். வெளியே காது காய்ந்து, உள்ளே எலும்பு போய்க்கொண்டிருந்த எலிகள் எப்படி இருந்தன என்று எனக்குத் தெரியும். மயிர் சிலிர்த்து மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். கூட இருப்பவை மேலே பட்டால் சுருண்டுகொள்ளும். இடப்பக்கமாக விரலைக் கொண்டுபோனால், தொடுவதற்கு முன்பே ஒரு சத்தம் போடும். ஊசி நுனி அளவுச் சத்தம். இதையெல்லாம் குறிப்பேட்டில் நாள்வாரியாக எழுதி வைத்திருந்தேன். குறிப்பேடு கைக்கெட்டும் தூரத்தில் மேசை மேல் இருந்தது.

“வலிச்சிருக்காதுக்கா” என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் பார்வையை விலக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

“அவ அந்தப் பக்கமாத் தலைய வச்சிப் படுக்கவே இல்ல, பாத்துக்கோ. சும்மா வெளாட்டுக்குன்னு நெனச்சேன்” என்றாள். மூட்டையை மறுபக்க இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, வெயிலில் இறங்கி, பஸ் நிற்கும் இடத்தைப் பார்த்து நடந்தாள்.

பிரசவம் முடிந்து வந்த டாக்டரம்மாவிடம் அக்கா வந்துபோனதைச் சொன்னேன். எதுவும் கேட்டாளா என்று விசாரித்தார். ஒன்றும் கேட்கவில்லை என்றேன். அந்த வருஷக் கடைசியில் எலி வேலை முடிந்தது. கண்டதையெல்லாம் எழுதித் தட்டச்சும் செய்து வைத்தார், எங்கும் அனுப்பவில்லை. காய்ந்த காதோடு வந்த பிள்ளைகளை மட்டும் அதன் பிறகு அவர் உடனே வீட்டுக்கு அனுப்பவில்லை. வாரக் கணக்கில் வைத்துப் பார்த்தார், வேண்டியபோது நேரத்தில் திறந்தார். அவர்களில் பலர் பிழைத்ததை நானே பார்த்திருக்கிறேன். இரண்டு வருஷத்தில் எனக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. டாக்டரம்மா எப்போதோ போய்விட்டார். கீழவைப்பாரில் அக்காவும் அவள் புருஷனும் வெகுகாலம் சேர்ந்து இருந்ததாக யாரோ சொல்லிக் கேட்டேன்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் நான் தூத்துக்குடிக்கே வந்துவிட்டேன். இங்கிருந்து கீழவைப்பார் பஸ்ஸில் கொஞ்ச தூரம்தான். போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று பல தடவை பஸ் நிலையம் வரை போயிருக்கிறேன். அக்கா உயிரோடிருந்தால் என்னை அடையாளம் கண்டு உட்காரச் சொல்வாள், குடிக்க ஏதாவது கொடுப்பாள். பிறகு அதையே மறுபடி கேட்பாள். இந்தத் தடவையும் நான் அதே பதிலைத்தான் சொல்வேன் என்று தெரிந்ததால் ஒரு முறையும் பஸ்ஸில் ஏறவில்லை.